முக்காட்டைத் தள்ளிய மாலை

மூக்கண்டப்பள்ளியில் டெல்சியின் வீட்டுக்குள் பகலிலும் இருட்டுதான். கணவன் ரோஷனுக்கு நிரந்தர நைட் ஷிப்ட். அவன் பகலில் தூங்குவதற்காக ஜன்னல் முழுக்கக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தாள். "போட்டோ ஸ்டூடியோ வெக்கப் போறீங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பவளம் கேட்காத நாளில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து அவன் கறுப்புக் கண்ணாடியோடுதான் இறங்குவான். அதுவும் டெல்சியின் உத்தரவு. தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே!

டெல்சி கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைச் சமன்பாடாக எழுதுவது அவளுடைய ஆராய்ச்சி. அவள் கண்ணுக்கு அது ஓர் ஊஞ்சல். வெளிச்சம் அதைத் தள்ளுகிற கை. அதே கை ஒரு நேரம் முன்னால் தள்ளும், ஒரு நேரம் பின்னால் இழுக்கும். விடுமுறை நாட்களில் அவன் தூங்க, சார்ட்டின் ஊசித்துளை வழியே விழுந்த ஒரு பொட்டு வெயில் தரையில் ஊர்வதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். வீடே மெல்ல ஆடுவதுபோல் இருக்கும்.

போன வாரம் பிரஸ் மெஷின் முன்னால் ரோஷன் கண்ணயர்ந்துவிட்டான். கூட வேலை செய்யும் தங்கதுரை சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். கேட்ட அன்றே டெல்சி கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

ரோஷனின் கைக்கடிகாரம் பதிந்து வைத்திருந்த தூக்கத்தைக் கோடாக வரைந்து பார்த்தாள். வாரக் கடைசியில் நன்றாகத் தேறிவரும் கோடு, திங்கட்கிழமை மறுபடி குப்புற விழுந்தது. எல்லா வாரமும் அப்படியே. அப்போதுதான் உறைத்தது. ஞாயிறன்று ஷிப்ட் முடிந்த கையோடு குளித்துவிட்டு அவளோடு மாதா கோயிலுக்குக் காலைப் பூசைக்கு வருவான். கோயில் வாசலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவான். அப்புறம் கறிக்கடை, மார்க்கெட், நல்ல வெயில். வாரம் முழுக்க இருட்டில் சேர்த்ததை அந்த ஒரு காலை கலைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இனிமே ஞாயித்துக்கெழம பூசைக்கு நீங்க வர வேணாம். படுத்துத் தூங்குங்க."

"ஏன்?"

"சாமிக்கு மரியாதைன்னு கண்ணாடியக் கழட்டிடறீங்க. அந்த வெயிலு உங்க தூக்கத்தக் கெடுக்குது."

இருட்டில் அவன் முகம் தெரியவில்லை.

"சாமிக்காக யாரு கழட்டுனா? வாரம் பூரா இந்தக் கும்மிருட்டுல உன் கொரலு மட்டுந்தான் கேக்குது. அந்த ஒரு காலையிலதான் உன் மூஞ்சியப் பாக்கறேன்."

டெல்சிக்கு அழுகை வந்துவிட்டது. எதையெதையோ சமன்பாட்டில் சேர்த்தவள் இதைச் சேர்க்கவில்லையே. ஆனால் அந்த மெஷினை நினைத்தால் பயமும் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணினியில் ஞாயிற்றுக்கிழமை வெயிலைக் காலையிலிருந்து எடுத்து மாலையில் வைத்துப் பார்த்தாள். ஊஞ்சல் அவர்களுக்கு வேண்டிய பக்கமே ஆடியது. திங்கட்கிழமை கோடு விழவில்லை.

"சாயங்காலமும் பூசை இருக்குதுங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் மஞ்சள் வெயில் நிறைந்திருந்தது. காலைப் பூசையில் பிரசங்கம் தொடங்கினாலே தலை தொங்கிவிடுகிற ஆள், இன்று ஆண்கள் பக்கத்தில் முழு விழிப்போடு, கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்து பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். டெல்சியை வெட்கம் பிடுங்கித் தின்றது. பாட்டில் ஒரு வரியைக் கோட்டைவிட்டாள். பிறகு முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.