ரக்ஷாவின் ஓட்டு

என் சித்தி மகள் ரக்ஷா வாழ்க்கையில் செய்த பெரிய சாதனை, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் பிறந்தது. அதற்கு அவள் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. நான் பெருந்துறையில் பிறந்த பாவத்துக்கு, டெக்சாஸின் ஆலனில் வருஷக்கணக்காகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். அவள் சிட்டிசன். சொந்த வீடு, பின்னால் எலுமிச்சை மரம், எதைத் தின்றாலும் பெருக்காத இடுப்பு. எல்லாவற்றிலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த அக்டோபரில் வயிற்றெரிச்சலுக்குப் புதிய காரணம் ஒன்று கிடைத்தது. கருக்கலைப்பு உரிமையைத் தங்கள் மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைக்கலாமா என்று கலிஃபோர்னியாவில் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். யெஸ் அல்லது நோ. ஓட்டுச் சீட்டு வீட்டுக்கே தபாலில் வந்துவிடுமாம். எங்கள் டெக்சாஸில் இதையெல்லாம் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டாலும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஜூலையில், ஐந்தாம் மாதத்தில், எனக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை பிழைக்காது என்று டாக்டரே சொன்னார். ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஒன்று அது நிற்க வேண்டும், இல்லை என் உயிருக்கு ஆபத்து வர வேண்டும். அதுவரை கை வைக்கச் சட்டம் விடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். என் புருஷன் அகிலன் தெர்மாமீட்டரும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கட்டிய மனைவிக்குக் காய்ச்சல் வராதா என்று காத்திருந்த மனுஷன். காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ரக்ஷா ஒரு போன்கூடப் பண்ணவில்லை. கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சீட்டில் ஒரு யெஸ் எனக்கு வேண்டியிருந்தது. நான் பட்டதற்கு எங்காவது ஓர் இடத்தில் ஒரு குறி விழ வேண்டும், அவ்வளவுதான். அவளிடம் போய்க் கேட்பதா என்று உடம்பெல்லாம் கூசியது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன்.

"ரக்ஷா, அந்த அபார்ஷன் ப்ரொபோசிஷன் இருக்கில்ல, அதுல எனக்காக யெஸ் போடறியா?"

"ஆல்ரெடி மெயில் பண்ணிட்டேன், அக்கா."

"யெஸ்தானே?"

"நோ."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "உனக்கென்னடி கேடு? உட்கார்ந்த இடத்துல எல்லாம் கிடைக்கிற திமிரா?"

"உங்களாலதான் போட்டேன்," என்றாள். "த்ரீ இயர்ஸா ஐவிஎஃப் பண்றேன். வயிறெல்லாம் ஊசி. ஒண்ணுகூட நிக்கலை. உங்களுக்கு ஈஸியா வந்துச்சு. நீங்க வேணாம்னு அபார்ஷன் பண்ணிட்டீங்க. ஐ வாஸ் சோ ஜெலஸ், அக்கா. அந்தக் கோவத்துல போட்டுட்டேன்."

"நான் பண்ணினேன்னு யாருடி சொன்னா?"

"அம்மாதான். 'எழிலுக்கு அபார்ஷன் ஆயிருச்சு'ன்னாங்க."

ஆயிருச்சு. எங்கள் ஊரில் கரு தானாகப் போனாலும் அபார்ஷன் ஆயிருச்சு என்றுதான் சொல்வோம். மிஸ்கேரேஜ் என்ற வார்த்தையை நானே இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். சித்தி சொன்னது தமிழ். மகள் காதில் விழுந்தது இங்கிலீஷ்.

"ஆயிருச்சுடி. நான் பண்ணலை," என்றேன். "பிழைக்காதுன்னு தெரிஞ்சப்புறம், பண்ணி விடுங்கன்னு அவங்க கால்ல விழாத குறையா கெஞ்சினேன். பண்ணலை. சாகக் கிடந்தேன், ரக்ஷா."

அவள் அழ ஆரம்பித்தாள். சீட்டைத் திருப்பி வாங்க முடியுமா, யாரிடமாவது கேட்கட்டுமா என்று ஏதேதோ உளறினாள். போட்ட ஓட்டை யார் திருப்பித் தருவார்கள்?

ரக்ஷா என்னைப் பார்த்து ஒரு நாளாவது பொறாமைப்பட மாட்டாளா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! பட்டிருக்கிறாள். என்னிடம் இருந்ததிலேயே அவள் ஆசைப்பட்டது அந்த ஐந்து மாதத்துக்குத்தான்.