வெண்டைப் பாத்தியில் உப்பு

வெள்ளிக்கிழமை காலேஜிலிருந்து சந்திரமதி மேடம் வந்து பார்க்கும்போது நாற்பது வெண்டைச் செடிகளும் உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால் எனக்குப் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் புரோத்ராபூரிலிருந்து காலேஜுக்கு அதே பஸ். உரம் போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் உள்ள வித்தியாசம்தான் என் ப்ராஜெக்ட். திங்கட்கிழமை பார்த்தால் வித்தியாசமே இல்லை. இரண்டு பாத்தியிலும் இலையோரம் ஒரே மாதிரி கருகியிருந்தது.

சாம்பல்சத்து குறைந்தால் ஓரம் கருகும் என்று புத்தகத்தில் இருந்தது. ப்ராஜெக்ட் போனாலும் செடி பிழைக்கட்டும் என்று இரண்டு பாத்திக்கும் அந்தச் சத்துள்ள சிவப்புப் பொட்டாஷ் உரம் போட்டேன். செவ்வாய்க்கிழமை இன்னும் கருகியது. பசி அதிகம் போல என்று இன்னொரு மடங்கு போட்டேன். புதன்கிழமை ஏழு செடிகள் படுத்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் காலேஜிலிருந்து மண்ணின் உப்பை அளக்கும் மீட்டரை வாங்கி வந்தேன். அது காட்டிய எண்ணைப் பார்த்தால் பாத்தியைக் கடலுக்குள் போட்டதுபோல இருந்தது.

அப்பா வெள்ளைச்சாமியிடம் கேட்டேன். மேட்டில் நட்ட தென்னங்கன்றுகளுக்குத் தலைக்கு இரண்டு கிலோ கல்லுப்பு வைத்ததாகப் பெருமையாகச் சொன்னார். சனிக்கிழமை பெய்த கோடை மழை அதை அப்படியே என் பாத்திக்கு இறக்கியிருந்தது.

"தென்னைக்கு உப்பு வைக்காம சக்கரையாடா வைப்பாங்க? தண்ணி ஊத்து, போதும், இறங்கிரும்."

உப்பை வேருக்குக் கீழே தள்ள நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். எங்களுக்குக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். வீட்டிலிருந்த நான்கு டிரம்மையும் கவிழ்த்தேன். அம்மா குளிக்காமலே டெலானிபூர் ஆபீசுக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை இருபத்தாறு மிஞ்சின. மேடத்திடம் அப்பாவின் உப்பைப் பற்றிச் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன். அவர் தண்ணீர் எட்டாத ஓரத்தில் குனிந்து, சிவப்பாக ஒரு குருணையை எடுத்தார்.

"கல்லுப்பு எப்பப்பா செவப்பாச்சு?"

பொட்டாஷும் ஒரு உப்புதான். கருகிய செடிக்கு நான் இரண்டு தடவை உப்பு போட்டிருக்கிறேன். இது புதன்கிழமையே எனக்குத் தெரியும்.

அப்பா முந்திக்கொண்டார். "அதுவும் நான் போட்டதுதான் மேடம். மாஃப் பண்ணிருங்க."

அப்பாவுக்குப் பொட்டாஷ் பை எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

"இல்ல மேடம்," என்றேன். "நான்தான். ரெண்டு தடவ."

மேடம் என் நோட்டை வாங்கிப் பழைய தலைப்பைக் கோடு போட்டு அடித்தார். "இப்பச் சொன்னத மொதப் பக்கத்துல எழுது. மிச்சம் இருபத்தாறும் பிஞ்சு வெக்கட்டும், கையெழுத்துப் போடறேன்."

இன்று காலை எண்ணினேன். இருபத்தைந்து.