கடலை போட்ட பால்பவுடர் டப்பா

1

வெறும் டப்பாவை எப்படி நீட்டுவது? கொடுத்தவன் முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது? உள்ளூர்க்காரனாக இருந்தாலாவது, அடுத்த நோம்பிக்கு முறுக்குச் சுடும்போது சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிச் சமாளிக்கலாம். இவன் கப்பலேறிப் போய்விடுவானே.

இப்படி நினைத்துக்கொண்டு நிற்பவள் மருதாத்தாள். வருடம் 1957. ஊர், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் கடலைக்காடுகளுக்கு நடுவே இருக்கும் எட்டு வீடுகள்.

இவளை எழுத நான் உட்காரவில்லை. ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்காக, பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். மூன்று பக்கம் எழுதினேன். நாலாவது பக்கத்தில், 'வளர்ந்த நாடு என்பது யாதெனில்' என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டேன். யாதெனில் என்று எழுதிய பிறகு எனக்கு எதுவுமே தெரிவதில்லை. அந்த வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், கையில் டப்பாவோடு இவள் வந்து நின்றாள்.

2

டப்பா வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடல் தாண்டிய ஒரு பணக்கார நாடு (பெயர் வேண்டாம்; டப்பாவில் எழுதியிருந்தது, ஊரில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை) நம் ஏழைக் குழந்தைகளுக்குப் பால்பவுடர் அனுப்பியது. அது கப்பலில் வந்து, லாரியில் வந்து, கடைசியில் கிராம சேவகர் குப்பண்ணனின் சைக்கிளில் வந்தது. குப்பண்ணன் அதே ஊர்க்காரர். அரசாங்க வேலை கிடைத்ததிலிருந்து சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். ஒன்றில் மட்டும் மை உண்டு.

"வெந்நியில கலக்கிக் குழந்தைகளுக்குக் குடுங்கக்கா. டப்பா காலியானா பத்திரமா வெச்சிருங்க. தொரை வந்து வாங்கிக்குவாரு."

மருதாத்தாள் கலக்கினாள். மோந்து பார்த்தாள். குழந்தைகள் வாயை இறுக மூடிக்கொண்டன. வந்ததை வீணாக்கக் கூடாதென்று எருமைக் கன்றுக்கு வைத்தாள். கன்று மூச்சு விடாமல் குடித்தது. அதனால் எருமையின் பால் முழுக்கக் குழந்தைகளுக்கு மிச்சமாயிற்று. இரண்டே மாதத்தில் குழந்தைகளும் தேறின, கன்றும் கொழுத்தது. எருமை மட்டும் யாரோ தன் வேலையைப் பறித்துக்கொண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

(எந்த நிபுணரும் யோசித்திராத வழி இது. கட்டுரையில் சேர்க்கலாமா என்று பார்த்தேன். எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பதென்று தெரியவில்லை.)

3

பால்பவுடர் அனுப்பிய நாட்டிலிருந்து துரை ஜீப்பில் வந்தார். உயரம், சிவந்த மூக்கு, கழுத்தில் கேமரா. நல்ல மனிதர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவரைக் கெட்டவராக எழுதியிருந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

வீட்டில் எத்தனை பேர், எத்தனை வேளைச் சாப்பாடு, காலில் செருப்பு உண்டா என்றெல்லாம் கேட்டார். குப்பண்ணன் தமிழில் சொன்னார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மருதாத்தாள் தானும் ஒன்று கேட்டாள்.

"அவங்கூர்ல பாலு அத்தனை மிச்சமுங்களா?"

"ஆமாமாக்கா. குடிச்சுத் தீரலீன்னுதான் பொடி பண்றாங்க."

"மிச்சமானா பக்கத்தூட்டுக்குக் குடுக்காம, இத்தனை தொலவு அனுப்புவாங்களா? பக்கத்தூட்டோட ஏதாச்சும் சண்டையா? கேளு."

குப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அம்மாள் மிகவும் நன்றி சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். துரை நெகிழ்ந்துபோனார்.

(இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இப்படியே எழுதிக்கொண்டு போனால், ஏழை நாட்டுக்காரி கெட்டிக்காரி, பணக்கார நாட்டுக்காரர் அப்பாவி என்று எல்லோரும் சிரித்துவிட்டுத் தூங்கப் போகலாம். உண்மை அப்படியில்லை. போன பங்குனியில் ஊர்க்கிணறு வற்றிவிட்டது. எட்டு வீட்டுப் பெண்களும் அரை மைல் நடந்து, பள்ளத்தில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். மருதாத்தாளின் இடுப்பில் குடம் பதிந்த தழும்பு இருக்கிறது. அதை வைத்து என்னால் சிரிக்க முடியவில்லை.)

4

துரைக்கு ஒரு படம் வேண்டும். காலி டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஒரு தாய். அந்தப் படத்தை அவர் நாட்டு மக்கள் பார்ப்பார்கள், மனம் இளகுவார்கள். எந்த ஊர்ப் படம் மனதைத் தொடுகிறதோ அந்த ஊருக்குக் கிணறு தோண்டும் மெஷின் வரும்.

"பாறையவே பொளந்துருமுங்கக்கா," என்றார் குப்பண்ணன். "நீங்க டப்பாவைக் கவுத்துப் புடிச்சாப் போதும்."

மருதாத்தாள் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள். குப்பண்ணன் மூடியைத் திறந்தார். விளிம்புவரை வறுத்த கடலை. நடுவே வெல்லக்கட்டி வேறு.

"என்னக்கா இது?"

"வெறும் போசிய ஆராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?"

"இது போசி இல்லீங்கக்கா, டப்பா!"

"ஊட்டுக்கு ஊடு போறதெல்லாம் போசிதான்."

பத்து வருடத்துக்கு முன் கொழிஞ்சாம்பாறையிலிருந்த அவள் நாத்தனார், இவள் பணியாரம் போட்டு அனுப்பிய போசிப் பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்பினாள். இன்றுவரை அந்த வீட்டு விசேஷத்தில் மருதாத்தாள் பாயசம் தொடுவதில்லை. போசி வெறுமனே வந்தால், இனி உன்னோடு போக்குவரத்து இல்லை என்று அர்த்தம். அந்த வார்த்தையை ஒரு நாட்டுக்கே எப்படிச் சொல்லி அனுப்புவாள்?

'நாடுகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு என்பது உண்மையில், போசிகள் ஒரே திசையில் மட்டும்' என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.

அவள் புருஷன் ஆறுச்சாமி வாரத்துக்கு ஒரு தரம் வாய் திறப்பவர். அந்த வாரத்துக்கானதை அப்போது திறந்தார். "கொட்டிட்டுப் புடி புள்ள. போட்டோ எடுத்ததீம் மறுக்கா போட்டுக்கலாம்."

5

முடிவுக்கு என்னிடம் இருப்பவை:

அ. அவள் கொட்டுகிறாள். படம் வருகிறது, மெஷின் வருகிறது, தண்ணீர் பீறிட்டு (இதை எழுதும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் பேனா நின்றுவிட்டது.)

ஆ. துரை ஒரு கடலையை வாயில் போடுகிறார். கண் கலங்குகிறது. உலகப் பொருளாதாரம் மாறுகிறது. (கிழித்துவிட்டேன். உண்மையில் அவர் ஒரு கடலையை வாயில் போட்டார். தோலோடு போட்டுப் புரையேறியது. ஆறுச்சாமி முதுகில் தட்டினார்.)

இ. கேமராவில் பிலிம் இல்லை. (கையாலாகாத எழுத்தாளர்களுக்கான முடிவு. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.)

6

வேறு வழியில்லாமல் நானே அவளிடம் கேட்டேன். மருதாத்தா, ஒரே ஒரு நொடி கவிழ்த்துப் பிடி. தண்ணீரை நான் எழுதித் தருகிறேன். முப்பது அடியிலேயே ஊற்று என்று போட்டுவிடுகிறேன். உன் இடுப்புத் தழும்பையும் அழித்துவிடுகிறேன்.

துரை கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குப்பண்ணன், "அக்கா, அக்கா" என்று முனகினார். கொழுத்த கன்று வந்து டப்பாவை நக்கப் பார்த்தது.

மருதாத்தாள் கிணற்றுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்ததாகத்தான் எனக்குப் பட்டது. அவளுக்குத் தண்ணீர் வேண்டும். என்னைவிட, உங்களைவிட அவளுக்கு அது வேண்டும்.

வாசிக்கிறவரே, மெஷின் வந்ததா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. டப்பாவை மட்டும் காலியாக்காமல் எழுதுங்கள். என்னால் அது முடியவில்லை.

அவள் கன்றை முழங்காலால் மெல்லத் தள்ளினாள். கடலை சிந்தாமல் மூடியை வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினாள். பிறகு நிமிர்த்திய டப்பாவை இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினாள்.

"இப்படியே எடுக்கச் சொல்லு குப்பண்ணா," என்றாள். "கவுத்தறது வேண்டாமுங்க."