ராஜாராம்வுக்கு வளைகாப்பு

சுமலதாவுக்குக் கோபம் வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மனே நாலடி தள்ளி நின்று, "நீ முடிச்சுட்டு வாம்மா, நான் அப்புறம் ஆடிக்கிறேன்" என்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு கோபம் வந்து அன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். ஆறுவேனா என்றது.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. ஒன்பது வருஷமாகச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினாளே, அந்தப் பாடத்தையெல்லாம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். முதலாளி ராஜாராமுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்த ஒரே வேலை, ஆயுத பூஜையன்று அதற்குப் பொட்டு வைப்பது.

"சார், புத்தகமா போட்டா அட்டையில என் பேரு போடுங்க" என்றாள்.

"உன் பேரைப் போட்டா எவம்மா தொடுவான்?" என்று அவர் சிரித்த சிரிப்பில் மின்விசிறியே நின்றுவிட்டது. அடுத்த மாசம் வேலை போச்சு. அதற்கடுத்த மாசம் அச்சகத்திலிருந்து ஒரு பிரதி அவள் கைக்கு வந்தது. ஆசிரியர்: ராஜாராம். அட்டையில் அவர் படம், தாடைக்குக் கீழே கை.

அட்டையைத் தாண்டித் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை. பையிலேயே போட்டு, நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவதுபோலத் திரிந்தாள்.

இப்போது மஞ்சுவுக்கும் அவள் தம்பி வளவனுக்கும் அவர்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறாள். அக்காவுக்குப் பதினாறு, தம்பிக்குப் பதினைந்து. பள்ளிக்கூடம் போகாமல் அம்மா சாமுண்டீஸ்வரியிடம் படித்து, பரீட்சையை மட்டும் வெளியே போய் எழுதுகிற பிள்ளைகள். வாத்தியாரைக் கண்டால் வாயைப் பொத்த வேண்டும் என்று இந்த ரெண்டுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மணி நேர வகுப்பில் நானூறு கேள்வி வரும். அதில் முந்நூற்றுத் தொண்ணூறுக்குப் பதில் சொல்லிவிடுவாள், அவள் லேசுப்பட்டவளா!

அன்றைக்கு, ஒரு சொல்லைக் கோப்பு முழுக்கத் தேடி, வேறு சொல்லாக ஒரே தட்டில் மாற்றுகிற பாடம். தட்டிப் பழக ஒரு பத்தி வேண்டுமென்று மஞ்சு அவள் பைக்குள் கைவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

"அக்கா, 'ராஜாராம்வின் கோப்பு'ன்னு போட்டிருக்குது. ராஜாராமின்னுதானே வரணும்? இன்னா இது 'வின்'னு வாலு?"

சுமலதா புத்தகத்தைப் பிடுங்கினாள். பாடத்தில் உதாரணம் எழுதும்போதெல்லாம் அவள் தன் பேரைத்தான் போட்டிருந்தாள். சுமலதாவின் கோப்பு, சுமலதாவுக்கு மின்னஞ்சல். ராஜாராம் சொன்னதைக் கேட்டு, சென்டரில் தட்டச்சு செய்கிற ரஞ்சித் ஒரே தட்டில் பேரை மாற்றிவிட்டான். பேர் போச்சு, வால் நின்றுவிட்டது! பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனவள் நாற்பத்தேழில் நின்றாள். மாதிரி விடுப்புக் கடிதம். அவள் சிரித்த சிரிப்பில் ராஜகிரிக் கோட்டைக் குரங்கெல்லாம் கையிலிருந்த தேங்காய்ச்சில்லைக் கீழே போட்டன.

"பாவம்கா, அமாவாசையன்னிக்கு புத்தக வெளியீட்டு விழா வெச்சிருக்காரு. முன்னாடியே சொல்லிடலாமா?" என்றான் வளவன்.

"எதுக்கு? விழாவுக்கே போலாம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தா அங்கயே கேளுங்க."

"கேக்கலாமா?"

"கேக்காம விட்டீங்க, நாளையிலிருந்து வகுப்பு கிடையாது."

அமாவாசையன்று மேல்மலையனூர் கூட்டத்தில் சிக்கிய சிறப்பு விருந்தினர் ராஜம்மாள், தமிழ்ப் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் கல்யாண மண்டபம் வந்து சேர்ந்தார். அதுவரை ராஜாராம் தானே தன்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், எல்லா மேடையிலும் சொல்கிற, யாரும் காதில் வாங்காத அந்த வார்த்தையைச் சொன்னார்: "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்."

ரெண்டு கை எழும்பியது. மஞ்சு மைக்கை வாங்கினாள்.

"சார், நாப்பத்தேழாம் பக்கம் படிக்கட்டுமா?"

"படிம்மா! நல்லா சத்தமா படி!"

மஞ்சு படித்தாள். "மதிப்பிற்குரிய ஐயா, என் மனைவி ராஜாராம்வுக்கு வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு நடைபெறுவதால், எனக்கு மூன்று நாள் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, பிரசாந்த்."

மண்டபம் வெடித்தது பாருங்கள், கூரைத் தகடு மூணு அங்குலம் எழும்பி உட்கார்ந்தது. முன்வரிசையில் இருந்த ராஜாராமின் மனைவி வசந்தா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

வளவன் விடவில்லை. "சார், ஆ-வில முடியற பேருக்கு 'வுக்கு' வரும்தானே? உங்க பேரு ம்-ல முடியுது. எப்படி சார்?"

ராஜாராம் தண்ணீர் குடித்தார். பாட்டில் காலியான பிறகும் குடித்தார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்வி தம்பி. அப்போ ஆ-வில முடியற அந்தப் பேரு யாருது?"

கடைசி வரிசையில் சுமலதா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அவசரமே படாமல் எழுந்தாள்.

"என்னுதுங்க மேடம்."

மூணாம் நாள் காலையில் ராஜாராம் அவள் வாசலில் நின்றார். ரஞ்சித் போனை அணைத்துவிட்டு அவலூர்பேட்டையில் இருக்கும் மாமியார் வீட்டில் பதுங்கிவிட்டான்.

"டீ குடிக்கப் போனா 'எத்தினி மாசம்'னு கேக்குறானுங்கம்மா. நீயே திருத்திக் குடு. அட்டையிலும் உன் பேரையே போட்டுடறேன்."

"நான் திருத்த மாட்டேன் சார். நீங்க திருத்துவீங்க. என் எதிர்ல, உங்க கையால. இல்லைன்னா என் பழைய கோப்பு, தேதியோட, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவும்."

மஞ்சு வீட்டு மேசையில் அவரை உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் மஞ்சு, அந்தப் பக்கம் வளவன். பேர் வருகிற இடம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அழித்து, ஒவ்வொன்றையும் தட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் முதல் ராஜாராம் அழிந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மஞ்சுவுக்கே பொறுக்கவில்லை. "அக்கா, ஒரே தட்டுல எல்லாத்தையும்..." என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

"தெரியும். பேசாம இரு." சுமலதா நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ராஜாராமின் ஆள்காட்டி விரல் விசைப்பலகைக்கு மேலே வழி தெரியாத ஈ போலச் சுற்றியது. "ஏம்மா, இந்த 'சு' எங்கதான் இருக்குது?"

"தேடுங்க சார்" என்றாள் சுமலதா.