இன்பாஸின் காயா

இன்பாஸ் மௌத்தாகி நாற்பத்தோராம் நாள் காலை ஏழரை மணிக்கு, அவன் சட்டியில் வளர்த்த முழங்கால் உயரக் காயாமரம் குசினியின் முற்றத்துச் சுவரில் அவனுடைய நிழலை விழுத்தியது. கால்களை மடக்கி, தலையைச் சற்றுக் குனித்து, வலக்கையை முன்னே நீட்டி, கிளை நறுக்கும்போது அவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படியே இருந்தது. இடது காது வெளியே தள்ளி நிற்பதுகூடத் தெரிந்தது. வெயில் ஏற ஏறச் சுருங்கி, பத்து மணியளவில் சட்டியடியில் ஒடுங்கிவிட்டது. அடுத்த நாள் ஏழரைக்கு மறுபடி வந்தது. இது கல்முனைக்குடியில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் நடந்தது.

இன்பாஸ், வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தவன். நதீராவைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்கு வந்தபோது அவன் கொண்டு வந்தது ஒரு பை உடுப்பும் இந்த மரமும்தான். அறுகம்பேப் பக்கத்து மணற்காட்டில் மாடுகள் மேய்ந்து மேய்ந்து குட்டையாகிப்போன புதரை வேரோடு கிண்டியெடுத்து, தட்டையான மண்சட்டியில் வைத்து, பழைய மோட்டார்களில் கழற்றிய செப்புக் கம்பியைக் கிளைகளில் சுற்றி, ஒன்பது வருடம் அதை வளைத்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் புறப்படும்வரை அதன் முன்னால்தான் இருப்பான். நதீராவுக்கு அந்த மரத்தின் மேல் பொறாமை.

"என்னோட இவ்வளவு நேரம் கதைச்சிரிக்கீங்களா?" என்று கேட்பாள்.

"நான் எங்க கதைக்கன் புள்ள, அது செல்றத்தத்தான் கேட்டுக்கிட்டு இரிக்கன்" என்பான் அவன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் மழையில் டெங்கு வந்து மூன்று நாளில் அவனைக் கொண்டு போனது. நதீராவுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

கணவனை இழந்து, பிற ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டில் ஓர் ஆணின் நிழல் விழுவது சரியா என்ற கேள்வியை இன்பாஸின் மூத்த சகோதரி அஸீஸாதான் மௌலவியிடம் கொண்டு போனாள். மௌலவி மூன்று நாள் கிதாபுகளைப் புரட்டினார். நிழல் நகர்கிறதா என்று கேட்டார். வெயிலோடு மட்டும் என்றாள். கதைக்கிறதா என்றார். இல்லை என்றாள். அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும், அதனிடம் எதையும் கேட்க மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அஸீஸா ஒவ்வொரு காலையும் வந்து, ஒரு கோப்பைத் தேநீரோடு தம்பியின் எதிரே இருந்துவிட்டுப் போனாள். மீன் விற்பவர் அந்த வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக் கூவினார். ஊர் பழகிக்கொண்டது.

மகள் றஸ்னா பிறந்த மாதத்தில் மரம் கண்டபடி துளிர்த்தது. சுவரில் இன்பாஸின் தலைமுடி சிலிர்த்தது, தாடி நெஞ்சுவரை இறங்கியது, முதுகு ஊதியது. முன்பின் தெரியாத எவனோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல் ஆனதும், நதீரா முதல்முறையாக அவனுடைய கத்தரியைக் கையில் எடுத்தாள். மரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து வெட்டினாள். ஒவ்வொரு துளிரிலும் இரண்டு இலை விட்டு நறுக்கினால் தாடி ஒதுங்கியது. உச்சியைக் கிள்ளினால் தலை படிந்தது. ஒரு வருடத்தில் அவள் கை தேர்ந்துவிட்டது. இரண்டாம் வருடம் பட்டுப்போனதென்று நினைத்து ஒரு தடித்த கிளையை அறுத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது சுவரில் வலக்கை முழங்கையோடு முடிந்திருந்தது. விழுந்த கிளையை எடுத்து வைத்து, சீலைத் துண்டால் கட்டி, கட்டின் மேல் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு நண்பகல் லுஹர் தொழுகை வரை அப்படியே இருந்தாள். அது ஒட்டவில்லை.

அதனால் றஸ்னா அறிந்த வாப்பா ஒரு கை இல்லாதவர். அவள் சுவரைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். காலைச் சாப்பாட்டை அவரின் மடி இருக்கும் இடத்தில் சாய்ந்திருந்து சாப்பிட்டாள். நாலு வயதில், "வாப்பாட கை எங்க?" என்று கேட்டாள்.

"உம்மாதான் மகள் தெரியாம வெட்டிட்டன்."

"அவருக்கு நொந்திச்சா?"

அடுத்த நாள் நதீரா கத்தரியைத் தொடவில்லை.

காயா கணுக்களில் பூக்கும். ஒவ்வொரு வருடமும் மொட்டு அரும்பியபோது அவை இன்பாஸின் முகத்தில் பருக்களாகத் தெரிந்தன. நதீரா ஒன்று விடாமல் கிள்ளிப் போட்டாள். இப்படி ஆறு வருடம் அந்த மரம் பூக்கவே இல்லை. ஏழாம் வருடம் இலைகள் மஞ்சளாகின. பட்டை உரிந்தது. எருப் போட்டுப் பார்த்தாள், சட்டி மண்ணை மாற்றிப் பார்த்தாள். சுவரில் இன்பாஸ் மெலிந்தான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, காய்ச்சலின் மூன்றாம் நாள் பாயில் கிடந்த முகம் வந்துவிட்டது. அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்க நதீராவால் முடியவில்லை. மரத்தை நிலத்தில் நட்டு, கத்தரி படாமல் விட்டால் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அஸீஸாவிடம் சொன்னாள்.

அஸீஸா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒருக்கா ஆம்புளயள் கொண்டு போய் அடக்கினாங்க. இப்ப நீ ரெண்டாந்தரம் அடக்கப் போறியா?"

"சட்டியில இருந்தா செத்திரும் மதினி."

"மண்ணுல வச்சா அவன் போயிருவானே!"

"ஓம் மதினி. போயிருவார்."

அஸீஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள்.

சுவருக்கு எட்டடி தள்ளிக் குழி வெட்டினார்கள். இன்பாஸின் ஜனாஸா வீட்டைவிட்டுப் போன அன்று நதீரா உள்ளறையில் இருந்தாள். மையவாடியில் அவனுக்கு மண் போட்ட கைகளில் அவளுடைய கை இல்லை. இப்போது அவளே கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கம்பி பதிந்த தழும்புகளைத் தடவிப் பார்த்தாள். மரத்தை இறக்கி, மூன்று பிடி மண் போட்டாள். அதற்கு மேல் கை எழவில்லை. மிச்ச மண்ணை அஸீஸாவும் றஸ்னாவும் தள்ளினார்கள்.

மறுநாள் ஏழரைக்கு இன்பாஸ் சுவரில் எழுந்து நின்றான். அவனுடைய முழு உயரத்தையும் அந்த வீடு ஏழு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தது. றஸ்னா ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள்; அவனுடைய இடுப்புவரை இருந்தாள். நதீரா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, மௌலவி வேண்டாம் என்றதையெல்லாம் அவனிடம் கேட்டாள். பத்து மணிக்கு அவன் கால்கள்வரை சுருங்கினான். அதற்கடுத்த நாள் சுவரில் விழுந்தது ஒரு சிறு மரத்தின் நிழல்.

நட்ட மூன்றாம் வருடம் மரம் மதிலைத் தாண்டியது. மார்ச் மாதத்தில் அடிமுதல் நுனிவரை பூத்தது. காயாவின் நீலம் சாதாரணமாகப் பூவோடு நின்றுவிடும். இதில் நிழலும் நீலமாகவே விழுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த ஒரு மாதம் நீலம் பிடித்துவிடும் என்று வெள்ளைத் துணிகளை மறுபக்கக் கொடிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். நதீரா மாற்றுவதில்லை. றஸ்னாவின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை வெளிர் நீலமாக இருப்பதைப் பற்றி வகுப்பாசிரியை முதலில் ஒரு கடிதம் எழுதினார். பிறகு விட்டுவிட்டார்.