ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு கார்

கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவான். அப்படி வந்தவன் நான். பெயர் இஃப்திகார். ஆனால் இந்த வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவி நஸீஹாவுக்கு நான் மச்சான், அவள் வாப்பா அப்துல் குத்தூஸ் மாமாவுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் லேசுப்பட்ட பதவி இல்லை. மீனில் நடுத்துண்டு எனக்கு. ஃபேனுக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி எனக்கு. முக்கியமாக, மாப்பிள்ளையிடம் யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் எழுபது வயது மாமாதான் ஸ்டூலில் ஏறுவார். நான் எழுந்தால், "நீங்க இருங்க மாப்பிள்ளை" என்பார். நானும் இருந்துவிடுவேன். சும்மா இருப்பது எனக்கு நன்றாகவே வரும்.

அந்த மரியாதையோடு சேர்ந்து வந்ததுதான் கார். கத்தாரில் ஒன்பது வருஷம் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ராமநாதபுரத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேனேஜராகச் சேர்ந்தேன். "வீட்டு மாப்பிள்ளை பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறதா?" என்று மாமா ஒரு வெள்ளைக் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். எனக்கு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்? பெண் பேசும்போது நான் அனுப்பிய போட்டோவில் ஒரு பெரிய காரில் சாய்ந்துகொண்டு நிற்பேன். அது எங்கள் அரபி முதலாளியின் கார். ஒன்பது வருஷமும் நான் போய் வந்தது கம்பெனி பஸ்ஸில்தான். வெளிநாட்டில் சம்பாதித்து வந்த சபராளிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. முதல் வாரம் நான் தெருவில் தடுமாறியபோது, தெருக்காரர்களே எனக்காகக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். "அங்கன வலது பக்கம் ஓட்டிப் பழகுனவரு. இங்கன இடது பக்கம்ல? கொஞ்ச நாளாகும்." நானும் ஆமாம் போட்டேன்.

ராமநாதபுரத்தில் யாருக்கும் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். லைசென்ஸ் வந்த மூன்றாம் நாள், ரயில்வே கேட் மேட்டில் நின்றபோது, கேட் திறந்ததும் என் கார் முன்னால் போகாமல் பின்னால் உருண்டது. பின்னால் நின்றது ஓர் ஆட்டோ. உள்ளே ஏழெட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டோவின் விளக்குதான் உடைந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒரே குரலில் அலறியது என் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு மூன்றாவது கியரைப் போட்டாலே உள்ளங்கை வேர்க்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறவன் கார் ஓட்டலாமா? கூடாது. அது எனக்கே தெரிந்தது. வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆகையால் ஒரு கேவலமான ஏற்பாட்டைச் செய்துகொண்டேன். காலையில் தெருவே பார்க்கக் காரை எடுப்பேன். எங்கள் தெரு முட்டுச் சந்து, மேற்கே போய்த்தான் வெளியேற முடியும். முதல் கியரும் இரண்டாவது கியருமாக உருட்டிக்கொண்டே ஏர்வாடி ரோட்டுக்குப் போனால், ஊரெல்லை தாண்டி ஒரு மூடிப்போன ஐஸ் கம்பெனி. அதன் வாசலில் வேப்பமரத்தடியில் காரை விட்டுவிட்டு, ஏர்வாடியிலிருந்து வரும் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். அந்த நேரத்தில் பஸ் காலியாக இருக்கும், ஜன்னலோரம் கிடைக்கும். சாயங்காலம் அதே இடத்தில் இறங்கி, காரில் விழுந்த வேப்பம்பழங்களைத் துடைத்துவிட்டு, ராஜா மாதிரி வீட்டுக்கு வருவேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்த பஸ் எங்கள் ஊருக்குள் நுழைந்துதான் போகும். அதனால் ஊர் வந்ததும் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்து, கைக்குட்டையைத் தலையில் போட்டுத் தூங்குவது போல் கிடப்பேன். ஊர் தாண்டியதும் கண்டக்டர் சோணைமுத்து வந்து, "பாய், ஊரு போயிருச்சு. எந்திரிக்கலாம்" என்பார். அவருக்கு எல்லாம் தெரியும். இருந்தும் யாரிடமும் சொன்னதில்லை. இப்படியே பதினோரு மாதம் ஓட்டினேன். காரை அல்ல, காலத்தை.

மாமாவுக்குச் சர்க்கரை. போன மாதம் இடது பாதத்தில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை நஸீஹா அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மண் படாமலிருக்க, கட்டுக்கு மேலே தன் பழைய பச்சைத் துப்பட்டாவிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றினாள். கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மச்சான், வாப்பாவ இன்னைக்கு ராம்நாட் ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருக்காக. நீங்க போற வழிதானே. கார்ல வச்சுக் கூட்டிட்டுப் போறீகளா?"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மாமாவுக்குத் தெரியாமல் கேட்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"இன்னைக்கா?" என்றேன். "இன்னைக்கு நான் நேரா கடைக்குப் போகலயே. உச்சிப்புளியில ஒரு பார்ட்டியப் பாத்துட்டுப் போகணும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! உச்சிப்புளியில் எனக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. "ஏ நஸீஹா, மாப்பிள்ளையத் தொந்தரவு பண்ணாதே. நான் ஆட்டோவுல போயிக்கிருவேன்." நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். ஆட்டோவில் போய்விடுவார் என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன். ஐஸ் கம்பெனி வாசலில் காரை விட்டேன். பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து, தன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பைக்குள் ஒரு சேவல் இருந்தது.

அன்றைக்கு உத்தரகோசமங்கையில் ஏதோ விசேஷம். ஊருக்குள் பஸ் நின்றதும் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. நான் வழக்கம்போலக் கம்பியில் நெற்றியை வைத்துக் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டேன். சோணைமுத்துவின் குரல் கேட்டது.

"பாத்து, பாத்து. பெரியவரு கால்ல கட்டோட ஏறுறாரு. வழி விடுங்கப்பா."

குனிந்திருந்த எனக்கு பஸ்ஸின் தரை மட்டும்தான் தெரிந்தது. செருப்புகள், ஒரு தூக்குவாளி, சாக்கு மூட்டை. அவற்றின் நடுவே ஒரு பாதம் வந்து, என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றது. வெள்ளைக் கட்டு. அதன் மேலே பச்சைத் துணி.

இதை எழுதுவதற்கே கூசுகிறது. அந்த நொடியில் எனக்கு இரக்கம் வரவில்லை. 'பார்த்துவிட்டாரா?' என்றுதான் தோன்றியது. நெற்றியை இன்னும் அழுத்திக் கம்பியில் புதைத்தேன்.

ஆட்டோ கிடைக்கவில்லை போலும். பஸ் கிளம்பியது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பாதம் குதிகாலைத் தூக்கிக்கொண்டது, பிறகு மெல்ல ஊன்றியது. வலது காலில் எடையைப் போட்டுப் பார்த்தார். கூட்டம் நெருக்கியதும் மறுபடியும் இடது காலுக்கு மாறினார். பச்சைத் துணியில் யாரோ மிதித்த செம்மண் தடம் விழுந்தது. நான் எழுந்தால் போதும். "உக்காருங்க மாமா" என்று இரண்டே வார்த்தை. கைக்குட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சோணைமுத்து வந்து என் தோளைத் தட்டினார். "பாய், எந்திரிங்க. பெரியவரு நிக்கிறாரு." நான் அசையவில்லை. மறுபடியும் தட்டினார். நான் வேண்டுமென்றே மூச்சை இழுத்து விட்டேன், ஆழ்ந்து தூங்குகிறவன் விடுவதைப் போல.

அப்போது என் தலைக்கு மேலே மாமாவின் குரல் கேட்டது. "விடுங்க தம்பி. தூங்குற பிள்ளைய எழுப்பாதீக. வேலைக்குப் போற பிள்ளை, அலுப்பா இருக்கும்."

கடைசியில் சேவல் அம்மாள்தான் எழுந்தாள். "இங்கன உக்காருங்கய்யா. நான் விலக்குல இறங்கிருவேன்" என்றாள். திருப்புல்லாணி விலக்கு வர இன்னும் நேரமிருந்தது. அவள் பையும் சேவலுமாக நின்றுகொண்டே வந்தாள். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய தோள் என் தோளில் பட்டது. அத்தர் வாசனை வந்தது. ராமநாதபுரம் வரும்வரை நான் நிமிரவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கி முடித்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். சோணைமுத்து படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தார். எப்போதும் ஏதாவது கேலி செய்கிறவர், அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா என்னைப் பார்க்கவில்லை, கைக்குட்டை முகத்தை மறைத்திருந்தது என்று கடையில் நாள் முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். நெய்ச்சோறு மணந்தது. நஸீஹாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"காலையில வராத மாதிரி சொல்லிட்டு, வாப்பாவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கார்ல கொண்டு போயி விட்டீகளாமே! வாப்பா சொன்னாக. பாதி வழியில திரும்பி வந்து ஏத்திக்கிட்டீகளாம். உங்களுக்காக அல்லாகிட்ட துஆ கேட்டாக மச்சான்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் ஒரு சின்ன ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தது. கட்டு புதிது. பச்சைத் துணி இல்லை.

"ஆமா, ஆமா" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "மாப்பிள்ளை நல்லா ஓட்டுறாக. ஒரு குலுக்கல் இல்ல."

நஸீஹா எனக்கு நெய்ச்சோறு வைத்து, கறியில் நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள். நான் ஒரு வாய் எடுத்தேன். அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்காக அந்த மனிதர் தன் மகளிடம் பொய் சொல்கிறார். ஐந்து வேளை தொழுகிறவர்.

"நான் கூட்டிட்டுப் போகல" என்றேன்.

நஸீஹாவுக்குப் புரியவில்லை.

"எனக்குக் கார் ஓட்டப் பயம் நஸீஹா. தினமும் ஐஸ் கம்பெனியில விட்டுட்டு பஸ்லதான் போறேன். இன்னைக்கு மாமா வந்த பஸ்லதான் நானும் இருந்தேன். மாமா நின்னுக்கிட்டே வந்தாக. நான் எந்திரிக்கல."

"மாப்பிள்ளை அசந்து தூங்கிட்டாக" என்றார் மாமா அவசரமாக. "அதுக்கு என்ன? சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

"தூங்கல மாமா."

நஸீஹா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "பஸ்ல போனதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஊர்ல பாதிப் பேரு பஸ்லதான் போறாக. கார வித்துட்டா ஆச்சு. ஆனா வாப்பா அந்தக் காலோட நிக்கிறதப் பாத்துக்கிட்டு எப்படி மச்சான் உக்காந்திருந்தீக?"

"நான் வாப்பாவப் பாக்கல. கால் மட்டும்தான் தெரிஞ்சுச்சு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று உறைத்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு வைத்த சோறு அப்படியே ஆறியது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. கார் சாவி அலமாரியில் அவளுடைய வளையல் டப்பாவுக்குள் போனது. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் கார் சர்வீஸுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டும் கேட்காததுபோல் இருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மாமாவுக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி. நான் லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினேன். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். நான் கேட்கவில்லை. ஊருக்கு நடுவே உள்ள பஸ் ஸ்டாப்பில் இருவரும் போய் நின்றோம். பதினோரு மாதமாக நான் குனிந்து கடந்த இடம். எதிரே டீக்கடையில் எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டு காஜா நவாஸ் கிளாஸும் கையுமாக ரோட்டைத் தாண்டி வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பஸ் ஸ்டாப்புல? கார் என்னாச்சு?"

மாமா முந்திக்கொண்டார். "கார் சர்வீஸுக்கு..."

"இல்லண்ணே" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "கார் வீட்டுலதான் நிக்குது. எனக்கு ஓட்டப் பயம். முதல்ல இருந்தே பயம். கத்தார்லயும் நான் ஓட்டுனதில்ல."

டீக்கடையில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காஜா நவாஸ் மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீ ஆறுது" என்று திரும்பிப் போனார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "இதையெல்லாம் நடுரோட்டுல வச்சுச் சொல்லணுமா மாப்பிள்ளை?"

"வீட்டுக்குள்ள மறைச்சு வச்சதுலதானே மாமா உங்கள நிக்க வச்சேன்."

பஸ் வந்தது. சோணைமுத்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். படி உயரமாக இருந்தது. மாமா ஒரு கணம் தயங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பிடிங்க மாப்பிள்ளை" என்றார்.