இறுக்கி மூடிய ஈஸ்ட் பாட்டில்

ஹூஸ்டனில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு சனிக்கிழமை மத்தியானம் ரவுண்ட் ராக்கில் உள்ள தங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது உள்ளே அனல் அடித்தது. வியாழக்கிழமை புயலில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. சுஹாஸ் காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்க, விஷாகா நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பால் திரிந்திருந்தது, கீரை அழுகியிருந்தது. ஒவ்வொன்றாகக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டே வந்தவள், கீழ்த்தட்டில் இருந்த ஊறுகாய் பாட்டிலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

அதில் இருந்தது ஊறுகாய் அல்ல, சுஹாஸின் ஈஸ்ட். கராஜில் நண்பன் மகிழனோடு சேர்ந்து பியர் காய்ச்சுவது அவன் பொழுதுபோக்கு. பியரை வடித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை எடுத்துவைத்து அடுத்த தடவைக்குப் போடுவான். ஒரே ஈஸ்ட், இதுவரை ஒன்பது தடவை. "உயிருள்ள பொருள். குளிர்ல தூங்கும், அவ்வளவுதான்" என்பான்.

இப்போது அது தூங்கவில்லை. வண்டலுக்கு மேல் நுரை கட்டியிருந்தது. தகர மூடி நடுவில் புடைத்து நின்றது.

"சுஹாஸ், இங்க வாயேன்!"

வந்து பார்த்தவன் பாட்டிலை மெதுவாக எடுத்து மேடைமேல் வைத்தான். "சூட்டுல முழிச்சிக்கிச்சு. கேஸை ரிலீஸ் பண்ணிட்டா பொழச்சுக்கும். நாளைக்கு மகிழன் வேற வர்றான், பத்தாவது பேட்ச் போட."

"தூக்கிப் போட்டுடேன்."

"அட, நான் மூடியை எப்பவும் லூசாத்தான் வைப்பேன். பாதி கேஸ் தானாவே போயிருக்கும்."

தயிரில் பியர் வாடை வருகிறதென்று புதன்கிழமை ஆத்திரத்தோடு அந்த மூடியைத் துணி போட்டுப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கியது விஷாகாதான். என் சாமானைத் தொடாதே என்று முன்பு அவன் போட்ட சண்டையின் சூடே இன்னும் ஆறவில்லை; இதை எப்படிச் சொல்வது?

அவன் குனிந்து பாட்டிலை நெஞ்சோடு அணைத்துத் திருகினான். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"கையை எடு! நான்தான் டைட்டா மூடினேன்."

"என்னது?"

"புதன்கிழமை. வாடை தாங்கலை. துளி காத்துகூட வெளிய போயிருக்காது. ப்ளீஸ் சுஹாஸ், விட்டுடு."

அவன் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பாட்டிலைப் பார்த்ததும் வெளிறிப்போனான். விரல் விரலாகக் கையை விலக்கினான். தடித்த துண்டால் அதைச் சுற்றி, பிக்னிக் ஐஸ் பெட்டிக்குள் இறக்கி மூடினான். விஷாகா கொல்லைக் கதவைத் திறந்து பிடித்தாள். பெட்டி குலுங்காமல் அடிமேல் அடிவைத்துப் போய்ப் புல்தரையில் வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வந்தான்.

வாசற்படியைத் தொடுவதற்குள் 'டம்' என்றது. பெட்டி துள்ளியது. மூடி பிய்த்துக்கொண்டு திறந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்துத் தள்ளியது.

சற்றுப் பொறுத்துப் போய்ப் பார்த்தார்கள். துண்டு கிழிந்து ஈஸ்டில் ஊறிக் கிடந்தது. பெட்டி மூடியின் உட்புறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. சுஹாஸ் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"வாடை வருதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். மூணு தடவை சொன்னேன்."

சுஹாஸ் மகிழனுக்கு போன் போட்டு, ஈஸ்ட் போய்விட்டது, நாளைக்கு வரவேண்டாம் என்றான். விஷாகா போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.